பிள்ளை பிடிக்கிறவன் வந்த கதை

"அழுதா பிள்ளை பிடிக்கிறவன் வந்துடுவான்!" தஞ்சாவூர்ப் பக்கம் இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர் உண்டா? தோளில் சாக்கு, முகத்தில் தாடி. நம் மனதில் இருக்கும் ஆள் அவன்தான். வரலாற்றில் வந்தவன் வேறு மாதிரி.

1870-ல் தஞ்சாவூர் சப் கலெக்டர் சென்னை அரசுக்கு எழுதினார்: நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் கடத்துவது ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று. சிறுவர்களும் அதில் சிக்கினார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவை. இங்கே பிடித்துக் கொடுக்கும் தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. (பி.காம். படிப்பவன் கண்ணுக்கு இது சுத்தமான கமிஷன் வியாபாரம்!) சாக்கோடு யாரும் வரவில்லை. நம் தமிழில் பேசி, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். 1872-ல்தான் இந்தப் பயணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது.

2007-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்! நாமோ தெரியாதவரை மட்டுமே பயப்படுகிறோம். 2018-ல் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

என் அக்கா மகளிடம் நான் சாக்குக்காரன் கதை சொல்வதில்லை. "யாரா இருந்தாலும், மாமாவே ஆனாலும், 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா, அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூடவே 1098 என்ற எண்ணும் அவளுக்கு மனப்பாடம்.