பெயரும் குருதியும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் நயினாதீவுக்கு ‘ஹார்லெம்’ என்று பெயர். புங்குடுதீவு ‘மிடில்பேர்க்’ ஆயிற்று. அனலைதீவு ‘றொட்டர்டாம்’ ஆயிற்று. காரைதீவு ‘அம்ஸ்ரடாம்’ ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெருந்தீவு ‘லெய்டன்’ எனப்பட்டது. நெடுந்தீவு ‘டெல்வ்ற்’ எனப்பட்டது. 1658 முதல் 1795 வரை நீடித்த அந்த ஆட்சியினர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை நமது தீவுகளின்மேல் எழுதினர். அவற்றுள் ‘டெல்வ்ற்’ ஒன்றே ஆங்கில வழக்கில் இன்றுவரை எஞ்சி நிற்கின்றது. ஊர்காவற்றுறையைக் குறிக்கும் ‘கைட்ஸ்’ என்பதோ அதற்கும் முந்தியது. இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது.

ஹார்லெம் என்று எழுதப்பட்டதனால் நயினாதீவின் மணலில் ஒரு பிடியேனும் ஒல்லாந்து மணலாக மாறிவிடவில்லை. இதனை மறுப்பார் எவருமிலர். நிலத்தின்மேல் எழுதப்பட்ட பெயரை இவ்வளவு தெளிவாகக் காணும் நாம், மனிதர்மேல் எழுதப்பட்ட பெயரைக் காணும்போது மட்டும் தடுமாறுகின்றோம். பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, குரூஸ் என்னும் பெயர்களைக் கேட்டவுடன், இவர் போர்த்துக்கேயரின் வழிவந்தவரோ என்ற ஐயம் பலருக்கு எழுகின்றது. அவ்வாறு நம்பிப் பெருமை கொள்வாரும் உளர். அதனையே சுட்டி இகழ்வாரும் உளர். இருசாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். பெயர் குருதியின் சான்று என்று இருவரும் கருதுகின்றனர். பெயர் எதன் சான்று என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை பிலிப்பைன் தீவுகளிலிருந்து கிடைக்கின்றது. 1565 முதல் 1898 வரை அத்தீவுகள் ஸ்பானியரின் ஆட்சியில் இருந்தன. அங்குள்ள மக்களிடையே தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழி வரும் குடும்பப் பெயர் பரவலாக இருக்கவில்லை. ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு பெயர், மக்களுக்கு வேறு பெயர் என்றிருந்தது. இது வரி தண்டுவோருக்குப் பெருந்தொல்லையாயிற்று. எவன் செலுத்தினான், எவன் தப்பினான் என்று ஏட்டைப் பார்த்து அறிய முடியவில்லை. 1849 நவம்பர் 21ஆம் நாள் ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். ஏறத்தாழ 60,000 பெயர்களை அகரவரிசையில் அடுக்கிய ஒரு பட்டியல் அச்சிடப்பட்டது. ஸ்பானியப் பெயர்களோடு உள்நாட்டுச் சொற்களும் அதில் இடம்பெற்றன. பட்டியலின் தாள்கள் மாகாணங்களுக்கும் அவற்றிலிருந்து ஊர்களுக்கும் பங்கிடப்பட்டன. தன் ஊருக்கு வந்த தாளிலிருந்து ஒரு பெயரைக் குடும்பத் தலைவன் பெற்றுக்கொண்டான். ஆல்பாய் மாகாணத்து ஓவாஸ் என்னும் ஊரில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பெயர்களே மிகுந்திருப்பது இதன் விளைவாகும். ஓர் ஊரார் அனைவரும் ஒரே எழுத்திற் பிறந்த ஸ்பானியரின் வழித்தோன்றல்கள் என்று கூற எந்த அறிஞரும் துணியார். கிடைத்த தாள் அது, அவ்வளவே.

மரபணு ஆராய்ச்சியும் இதனை உறுதிப்படுத்தியுள்ளது. பிலிப்பைன் தீவுகளின் 115 இனக்குழுக்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஐரோப்பிய மரபின் தடம் மிகச் சில குழுக்களிடமே குறிப்பிடத்தக்க அளவில் உண்டு எனக் கண்டது. ஸ்பானியப் பெயரைத் தாங்கிய பெருந்திரளான மக்கள் அந்த மண்ணின் மக்களே.

இனி நமது கரைக்கு வருவோம். இங்கே பெயரை வழங்கியது அச்சிட்ட பட்டியல் அன்று, திருமுழுக்குத் தொட்டி. முத்துக்குளித்துறைப் பரதவர் தம் தொழிலையும் உயிரையும் காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். 1535க்கும் 1537க்கும் இடையில் அவர்கள் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். இந்த வழியை அவர்களுக்குக் காட்டியவர் ஜோவாம் தா குரூஸ் என்பவர். பெயரைக் கேட்டால் லிஸ்பன் நகரத்தார் என்றே தோன்றும். உண்மையில் அவர் மலையாளக் கரையினர். 1513இல் லிஸ்பனுக்குச் சென்று அங்கே மதம் மாறி அப்பெயரைப் பெற்று மீண்டவர். பெயரைக் கொடுப்பித்தவரே பெயரைக் கடன்வாங்கியவராக இருந்தார்!

முழுக்காட்டும்போது ஞானத்தந்தையாக நின்ற வீரனின் அல்லது வணிகனின் பெயர் புதிய கிறிஸ்தவருக்குக் கிடைக்கும். கப்பலில் வந்த சிலரின் பெயர்கள் இவ்வாறு கரையிலிருந்த பல்லாயிரவருக்கு உரியவாயின. இன்று பெர்னாண்டோ என்னும் ஒரே பெயரைத் தூத்துக்குடிப் பரதவர் தாங்குகின்றனர். நீர்கொழும்புக் கத்தோலிக்கர் தாங்குகின்றனர். பாணந்துறையில் விகாரைக்குச் செல்லும் பௌத்தரும் தாங்குகின்றனர். முதல்வர் தமிழர், பின்னிருவரும் சிங்களம் பேசுவோர். மொழி, சமயம், தொழில் யாவும் வேறு. பெயர் மட்டும் ஒன்று.

குடிமக்களின் நிலை இதுவென்றால் மன்னர்களின் நிலை வேறன்று. கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் முழுக்குப் பெற்றுத் தொன் ஜுவான் ஆனான். கோணப்பு பண்டாரத்துக்குக் கிடைத்த பெயர் ‘ஒஸ்திரியாவின் தொன் ஜுவான்’. 1571இல் லெப்பாந்தோக் கடற்போரில் வென்ற ஐரோப்பிய இளவரசனின் பெயர் அது. அப்பெயரைச் சூடியவனே பின்னர் விமலதர்மசூரியனாகக் கண்டி அரியணை ஏறிப் போர்த்துக்கேயரைப் புறங்கண்டான். பெயரிட்டவர்களால் அவனது குருதியையும் மாற்ற முடியவில்லை. பற்றையும் வாங்க முடியவில்லை.

யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலும் அக்காலத்தில் தகர்க்கப்பட்டு, 1788இலேயே மீண்டும் எழுந்தது. இடையிலிருந்த காலத்தில் மக்கள் என்ன செய்தனர்? ஒல்லாந்தர் ஆட்சியில் திருமணமும் சொத்துரிமையும் அரசப் பதவியும் முழுக்கோடும் பதிவோடும் பிணைக்கப்பட்டிருந்தன. நிலத்துக்குத் தோம்பு இருந்ததுபோலப் பாடசாலைக்கும் தோம்பு இருந்தது. பிள்ளைகளின் பெயர்கள் அதில் எழுதப்பட்டன. ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் வேறொரு பெயர் என்று மக்கள் வாழக் கற்றுக்கொண்டனர். ஒல்லாந்தர் நீங்கியதும் ஏட்டுப் பெயர்கள் பெருமளவில் உதிர்ந்தன. வீட்டுப் பெயர்கள் நின்றன. கத்தோலிக்கரோ ஒல்லாந்தரின் தடையையும் மீறித் தம் சமயத்தைக் காத்தவர்கள். ஆதலால் அவர்களுடைய பெயர்கள் நிலைத்தன. ஆட்சியாளன் தந்த பெயராகத் தொடங்கியது, அடுத்த ஆட்சியாளனை எதிர்த்து நின்றவரின் பெயராக மாறியது. வரலாற்றின் இந்த முரணைக் கவனியாது ‘அந்நியப் பெயர்’ என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் இதே கதையை வேறு வடிவில் நடத்தியது. கடல் கடந்திருந்து மாணவனின் செலவை ஏற்ற கொடையாளரின் விருப்பப்படி அவனுக்குப் பெயரிடும் வழக்கம் அங்கிருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியின் வழியே வந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை முதலியோரின் பெயர்களைத் தமிழிலக்கிய வரலாறு நன்கறியும். நெவின்ஸ் என்பதைக் கொண்டு சிதம்பரப்பிள்ளைக்கு அமெரிக்க மூதாதை தேடுவோர் எவருமிலர். பக்கத்திலேயே தமிழ்ப் பெயரும் நிற்பதனால் உண்மை வெளிப்படையாயிற்று. பெர்னாண்டோவின் பக்கத்திலிருந்த பழம்பெயர் மறைந்துவிட்டமையே மயக்கத்துக்குக் காரணம்.

கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளின் இளமைப் பெயர் சேவியர் நிக்கிலாஸ் ஸ்தனிஸ்லாஸ். சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியிலுள்ள ஒரு கோட்டையின் பெயர். நிக்கிலாஸ் சின்ன ஆசியாவின் புனிதர். ஸ்தனிஸ்லாஸ் போலந்தின் புனிதர். மூன்று நாடுகளைப் பெயரிற் சுமந்த அவரே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். 1679இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியைத் தேடிக் கண்டு 1966இல் மீண்டும் பதிப்பித்தவரும் அவரே. நமது வீடுகளிலோ கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, பாண் என்னும் போர்த்துக்கேயச் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. கதிரையில் இருப்பவர் போர்த்துக்கேயராகிவிடுவதில்லை. சொல்லுக்கு ஒப்புவதைப் பெயருக்கு மறுப்பானேன்?

கலப்பே நிகழவில்லை என்பது இதன் பொருளன்று. போர்த்துக்கேய வீரர் இங்கே மணம் செய்து வாழ்ந்தனர். அவர்தம் வழியினர் உளர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் பறங்கியர். ஆயின் அவர்களிடையே ஒக்கர்ஸ், அவுட்ஸ்கோர்ன் போன்ற ஒல்லாந்துப் பெயர்கள் வழங்குகின்றன. போர்த்துக்கேய மொழி பேசியவரிடம் ஒல்லாந்துப் பெயர். சிங்களமும் தமிழும் பேசுவோரிடம் போர்த்துக்கேயப் பெயர். பெயரைக் கொண்டு குருதியை அளக்கப் புகுவோருக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

எளிய கணக்கொன்றும் உண்டு. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு மேல் எண்மர். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டெனக் கொண்டால், நானூறு ஆண்டுகளில் பதினாறு தலைமுறைகள். பதினாறாவது படியில் மூதாதையரின் இடங்கள் 65,536. சிறு தீவுகளில் உறவுக்குள்ளேயே மணம் நிகழ்வதால் ஒருவரே பல இடங்களில் வருவார் என்பது உண்மை. எனினும் குடும்பப் பெயர் அத்தனை இடங்களுள் ஒரே ஓர் ஆண்வழியையே காட்டும். ஏனைய வழிகளையும், தாய்மார் அனைவரையும் அது மறைத்துவிடும். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் மரபணுக்கூறு ஒன்றுண்டு. குடும்பப் பெயர் நெடுங்காலம் நிலைத்த நாடுகளில் அதனையும் பெயரையும் ஒப்பிட்டு ஆராய்கின்றனர். தந்தையின் பெயரே தலைமுறைதோறும் முன்னெழுத்தாக மாறும் நமது வழக்கிலும், ஆட்சியாளன் பெயரிட்ட வழக்கிலும் அந்த ஒப்பீடு முதற்படியிலேயே முறிந்துவிடும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கான ஆராய்ச்சி எனக் கருதுதல் வேண்டா. அநகாரிக தர்மபாலர் டேவிட் என்னும் தம் ஐரோப்பியப் பெயரைக் களைந்தார்; ஆயின் ஐரோப்பிய மொழியாராய்ச்சியிலிருந்து கிளைத்த ‘ஆரிய இனம்’ என்னும் கருத்தைக் களையவில்லை. தமிழர் பக்கத்திலும் 1856இல் கால்டுவெல் மொழிக்குடும்பத்துக்கு இட்ட ‘திராவிடம்’ என்னும் பெயரைக் குருதியின் பெயராகக் கொண்டோர் உளர். மொழிகளின் பெயர்கள் இனங்களின் பெயர்களாயின, இனங்கள் படைகளாயின. 1983 யூலையில் கொழும்புத் தெருக்களில் வாகனங்களை மறித்துப் பெயரையும் உச்சரிப்பையும் சோதித்தனர். பெயர் ஒருவரைக் காத்தது, மற்றொருவரைக் கொன்றது. 1990இல் தமிழையே தாய்மொழியாகப் பேசிய முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்தக் குற்றத்தை நம் பக்கத்தின் கணக்கில் எழுதாமல் விடுதல் தகாது. சிங்களவரின் மரபணு வரலாற்றை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வோ, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மொழியெல்லையைக் கடந்து நெருங்கிக் கலந்தவர்கள் எனக் காட்டியது. எரித்தவரும் எரிந்தவரும் உறவினர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மரபணு நெருக்கம் இருப்பதனாற்றான் மனிதர் ஒருவரையொருவர் மதித்தல் வேண்டும் என்பதன்று நமது வாதம். நாளை வேறோர் ஆய்வு தூரத்தைக் காட்டினும் உரிமை குறைந்துவிடாது. குருதியை உரிமையின் அளவுகோலாக்கும் எண்ணமே தவறானது. சாதியின் அடிப்படையும் அதுவே.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்றுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டினது, சிங்கள மன்னனின் ஆணை, தமிழில் எழுதப்பட்டது. ஊராத்துறைக்குப் பிறநாட்டு வணிகர் வந்து தங்கலாம் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உரியவர்க்கு. ஏனைய பண்டங்கள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. எந்நாட்டவன், எப்பெயரினன், எக்குருதியினன் என்ற வினா அவ்விதியில் இல்லை. அரசுக்கு வேண்டியது பண்டத்தின் பங்கு. கரைக்கு வந்தவனுக்கு வேண்டியது காவல். இன்றும் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே நிற்கும் தீவு இது.

ஆகவே, வகுப்பறையில் ஒரு பெர்னாண்டோவையோ ஸ்தனிஸ்லாசையோ பெயர்சொல்லி அழைக்கும் ஆசிரியரும், அவரோடு பயிலும் மாணவரும், அப்பெயர் யார் குருதியிலிருந்து வந்தது என்று கேளாதிருக்கக் கற்றல் வேண்டும். யார் ஏட்டில் எழுதினான், எந்த வரிக்காக, எந்த அதிகாரத்தால், எந்த அச்சத்தால் அல்லது எந்த நம்பிக்கையால் அது ஏற்கப்பட்டது என்று கேட்டால் அப்பெயர் வரலாறு பேசும். பெயர், அதிகாரத்தின் சுவடு. அதைத் தாங்கிய மக்களோ அதற்கு முன்னும் இந்தக் கடலில் வலை வீசியவர்கள், பின்னும் வீசுகின்றவர்கள்.