பதிவேற்றிய பாட்டு யாருக்கு உரியது? ஒலித்தட்டிலிருந்து சமூக வலைத்தளம் வரை

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதைச் சூழ்ந்த தண்டுப் பகுதியிலும் இசை கற்பிப்போரும் தேவாலயப் பாடகர் குழுவினரும் தம் பாடல்களைச் சமூக வலைத்தளங்களில் ஏற்றி வருகின்றனர். அவர்களோடு உரையாடுகையில் ஓர் ஐயம் மீண்டும் மீண்டும் எழுகிறது: ஏற்றிய பின் அப்பாட்டு பாடியவருடையதா, தளத்தினுடையதா? சட்டம் தரும் விடை எளியது. வரலாறு தரும் விடை அத்துணை எளியதன்று.

முதலில் எளியதைச் சொல்லிவிடலாம். 2006 மே மாதத்தில் பிரிட்டன் பாடகர் பில்லி பிராக் மைஸ்பேஸ் தளத்திலிருந்து தம் பாடல்களை அகற்றினார். அதன் பயன்பாட்டு விதிகள் கலைஞரின் ஆக்கத்தின்மீது நிறுவனத்துக்கு அளவிறந்த உரிமத்தை வழங்குகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. அடுத்த மாதமே விதி திருத்தப்பட்டது. உடைமை கலைஞருக்கே என்பது தெளிவாயிற்று. இன்றைய பெருந்தளங்களின் விதிகளும் ஏறத்தாழ இவ்வடிவினவே: பதிப்புரிமை கலைஞரிடம் நிற்கும், படியெடுக்கவும் பரப்பவும் கட்டணமற்ற உரிமம் தளத்துக்குச் செல்லும்.

ஆனால் இந்திய இசைஞரின் சிக்கல் இத்தளங்களைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார்; ஜெர்மனியின் ஹானோவரில் தட்டு அச்சிடுவோர் பாடியவரை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. பெயர் தட்டில் ஏறியது, உரிமை ஏறவில்லை. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியாவுக்குக் கொணர்ந்த 1914ஆம் ஆண்டுச் சட்டம், மூலத்தட்டின் உடைமையாளரையே ஒலிப்பதிவின் ஆக்குநராகக் கொண்டது.

விடுதலைக்குப் பின் வந்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பாடகரைக் காணவில்லை. எழுத்தில் அல்லது குறியீட்டில் அமைந்த மெட்டே அதன் கண்ணில் 'இசைப் படைப்பு'. ஆலாபனையும் நிரவலும் கற்பனாசுரமும் எந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தன? 1977இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது திரைப்படத்துக்கென அமைந்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு சேர்த்தார். பாடும் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லாமை இந்திய இசை மரபுக்கே ஒவ்வாதது என்பது அதன் சாரம். தீர்ப்பைவிட அக்குறிப்பே இன்றும் படிக்கத்தக்கது என்பேன்.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் எழுத்து நிபந்தனையை நீக்கியது. நிகழ்த்துநர் உரிமையையும் கொணர்ந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் சென்று, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்க இயலாதவாறு தடுத்தது.

ஏட்டில் உரிமை வந்துவிட்டது. அதை வலைத்தளத்தில் யார் பயன்படுத்த முடிகிறது என்பதே இன்றைய வினா. சூப்பர் கேசட்ஸ் நிறுவனம் மைஸ்பேஸ் மீது தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 டிசம்பரில், குறிப்பிட்ட மீறலைத் தளம் அறிந்திருந்தாலன்றிப் பொறுப்பாகாது என்றது. முறையீடு வந்தபின் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றும் கூறியது. ஆயிரக்கணக்கான பாடல்களின் பட்டியலும் வழக்கறிஞரும் உடைய நிறுவனத்துக்கு இம்முறை எளிது. தனிக் கலைஞருக்கு?

பெங்களூரிலேயே 2022 நவம்பரில் ஒரு வழக்கு எழுந்தது. கே.ஜி.எஃப். இரண்டாம் பாகத்தின் பாடல்கள் பாரத் ஜோடோ யாத்திரைக் காணொளிகளில் அனுமதியின்றிப் பயன்பட்டன என எம்.ஆர்.டி. மியூசிக் முறையிட்டது. வணிக நீதிமன்றம் இரு ட்விட்டர் கணக்குகளை முடக்க ஆணையிட்டது. மறுநாளே, அக்காணொளிகளை நீக்கும் நிபந்தனையுடன், உயர் நீதிமன்றம் அவ்வாணையை விலக்கியது. நிறுவனம், கட்சி, தளம் என மூவரைச் சுற்றியே விவாதம் நடந்தது. பாட்டை ஆக்கியோரும் பாடியோரும் அதன் விளிம்பிலேயே நின்றனர்.

கருநாடக இசையில் இது இன்னும் கூர்மையடைகிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றைப் பாடும் ஒவ்வொருவருக்கும் தம் நிகழ்த்துதலில் உரிமை உண்டு; ஒவ்வொரு பதிவுக்கும் தனியுரிமை உண்டு. யூடியூப் 2007இல் கொணர்ந்த தானியங்கி ஒப்பீட்டு முறையோ, நிறுவனங்கள் ஒப்படைத்த பதிவுகளோடு புதியதை ஒத்துப் பார்க்கிறது. ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே பாடாந்தரம் என்றால் இரு பாடகர்கள் ஒத்திருப்பது குற்றமன்று, அதுவே மரபு. 2020 ஊரடங்கின்போது உலகெங்கும் செவ்விசைக் கலைஞர்களின் நேரலைகள் இவ்வாறு ஒலி நீக்கப்பட்டன. தம் பாட்டு தம்முடையதே என்று மெய்ப்பிக்கும் சுமை பாடியவர்மீதே விழுந்தது.

நிறுவனங்கள் கோரும் பழைய பதிவுகளின் உரிமை எந்த ஒப்பந்தத்திலிருந்து வந்தது என்பதே என் அடுத்த தேடல். 1930 முதல் 1970 வரையிலான ஒலித்தட்டு ஒப்பந்தங்களோ கட்டண ரசீதுகளோ தம் குடும்பத்தில் வைத்திருப்போர் உட்பெட்டியில் தெரிவித்தால் நன்றியுடையேன்.