கதியாலும் கவ்வாத்தும்

2010ஆம் ஆண்டு. வன்னியில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த வேளையில், கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திற்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். வீடுகளுக்குக் கூரை இல்லை. ஒழுங்கைகளைப் பற்றை மூடியிருந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய முதியவர் ஒருவர், வரிசையாக நின்ற சீமைக்கிளுவை மரங்களைக் காட்டி, "இதுதான் தம்பி நம்ம எல்லை. நான் ஊனின கதியால்" என்றார். காணிக்குரிய பத்திரம் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

தமிழகத்து வாசகர்களுக்கும் புலம்பெயர் நாடுகளில் பிறந்தவர்களுக்கும் கதியால் என்ற சொல் புதிதாக இருக்கலாம். வேலிக்காக ஊன்றப்பட்டு, வேர்விட்டுத் தழைக்கும் தடியே கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியன இதற்கு உகந்தவை. முற்றிய கிளையை மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டி, அடிப்பக்கம் மண்ணுக்குள் போகும்படி நடுவார்கள். தலைகீழாக நட்டால் பெரும்பாலும் பட்டுவிடும். தடியில் நுனியிலிருந்து அடிநோக்கி இறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருளே வெட்டுவாயில் வேரைத் தூண்டுகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1930களில்தான். நம் கமக்காரர் அனுபவத்தால் அதை முன்னரே அறிந்திருந்தனர்.

ஆண்டுதோறும் கதியாலை வெட்டுவதும் வேலியைக் காப்பதற்கே. வெட்டினால் பக்கத்தளிர் பெருகி வேலி அடர்த்தியாகும். வெட்டிய குழை ஆட்டுக்கு உணவு. எஞ்சியதை வயலில் தாழ்த்தினால் பசளை. தடிகள் அடுத்த வேலிக்குக் கதியால்.

இந்த அறிவு வன்னிக்குப் பெருமளவில் வந்தது யாழ்ப்பாணத்துக் குடியேற்றக்காரரோடு எனலாம். இரணைமடுக் குளத்தின் கட்டுமானப் பணி 1902இல் தொடங்கியது. பின்னர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டன. காடு வெட்டியவன் அடுத்துச் செய்த வேலை வேலி அடைத்தல்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தமிழர் பெருந்தொகையாக வன்னிக்கு வந்தனர். அவர்கள் கொண்டுவந்த சொல் கவ்வாத்து. தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைத் தறித்து, புதிய தளிர் வரச் செய்வதே கவ்வாத்து. அந்த வேலையில் ஒரு நுட்பம் உண்டு. வேரில் மாச்சத்து போதிய அளவு சேர்ந்திருந்தால்தான் வெட்டுண்ட செடி மீளும். நலிந்த செடியைத் தறித்தால் அது செத்துவிடும்.

1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகம் அது. வன்னியிலும் அவர்களில் பலருக்கு நீண்டகாலம் அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தாரிடம் கற்ற கதியாலே அவர்களுடைய காணி ஆவணமாயிற்று.

இறுதிப் போரில் கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2ஆம் திகதி படையினர் வசமானது. அதற்கு முன்பே மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டனர். மே மாதத்தில் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைபட்டனர். வெட்ட ஆளில்லாத கதியால்கள் வளர்ந்து மரங்களாகின. திரும்பிவந்தவர்களுக்கு அந்த மரவரிசையே எல்லையைக் காட்டிற்று. கனரக இயந்திரங்கள் நிலத்தை மட்டமாக்கிய இடங்களில் அந்தச் சாட்சியும் இருக்கவில்லை.

நான் சந்தித்த முதியவர் ஓரளவு கொடுத்துவைத்தவர். அயலவர் இருவர் சாட்சி சொன்னார்கள். கிராம அலுவலர் அந்த மரவரிசையையே எல்லையாகக் குறித்துக்கொண்டார். ஆனால் பத்திரம் அன்றும் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளின் பின் மீண்டும் அந்தக் கிராமத்திற்குச் சென்றேன். பல வளவுகளில் சீமெந்துத் தூண்களும் முள்ளுக்கம்பியும் வந்திருந்தன. அவை ஒரே நாளில் நடப்படுபவை. எப்போது, யாரால் என்று பின்னர் எவரும் சொல்ல இயலாது. முதியவரோ மரங்களை இடுப்பளவில் தறித்து மீண்டும் வேலியாக்கியிருந்தார். தறித்த இடங்களில் தளிர் வந்திருந்தது.

"கம்பி போடவில்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"கம்பிய யாரும் புடுங்கி நகத்திடலாம் தம்பி. வேரப் புடுங்கினா தடம் தெரியும்" என்றார்.

வன்னியின் காணி வரலாற்றை எழுத முற்படுவோர் கச்சேரிக் கோப்புகளோடு நின்றுவிடக் கூடாது என்பது என் துணிபு. வேலிகளையும் பார்க்க வேண்டும், அவை தறிக்கப்பட்டு மறையுமுன்.