இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளும் பற்சொத்தைத் தடுப்பும்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்கு. அதில் பெரும்பகுதி தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் வகை. 2 முதல் 5 வயதுக்குள் இது அதிகம் வருகிறது. சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். பால்பற்கள் வாயில் நிறைவதும் நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாவதும் இதே வயதில்தான். அதனால் பல் பராமரிப்பைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

சொத்தை, மற்ற குழந்தைகளுக்கு வலியோடு முடிந்துவிடலாம். கீமோ மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு அப்படியல்ல. நியூட்ரோபில் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கியிருக்கும்போது, சொத்தைப் பல்லின் கிருமிகள் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சீழ் பிடிக்கவும் வெள்ளணு வேண்டும் என்பதால், வீக்கமோ சீழோ வெளியே தெரியாமல் காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக நிற்பதும் உண்டு.

சொத்தை பெருகப் பல வழிகள் திறந்துகிடக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்து வாயைப் புண்ணாக்குகிறது. உமிழ்நீர் குறைந்து கெட்டியாகிறது. வாந்தியின் அமிலம் எனாமலை அரிக்கிறது. ஸ்டீராய்டு தரும் வாரங்களில் குழந்தை நடுராத்திரியில் எழுந்து சாப்பாடு கேட்கும். மாத்திரையைப் பொடித்துத் தேனிலோ சர்க்கரைத் தண்ணீரிலோ குழைத்துக் கொடுக்கும் வீடுகள் பல. வாய்ப்பூஞ்சைக்குத் தரும் நிஸ்டாட்டின் திரவத்திலும் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். அதை விழுங்குமுன் வாயில் சற்று நேரம் வைத்திருக்க வேறு வேண்டும். சர்க்கரை இல்லாத மருந்து கிடைக்குமா என்று கேட்பது நல்லது. இரவு மருந்துக்குப் பிறகு இரண்டு வாய் தண்ணீராவது குடிக்கவைத்துத் தூங்கவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, “கவுண்ட் குறைந்திருக்கிறது, ஈறில் ரத்தம் வரும்” என்ற பயத்தில் பெற்றோர் பிரஷை எடுத்துவைத்துவிடுவது. பயம் இயல்பானதுதான். ஆனால் துலக்காத பல்லில் படியும் அழுக்கு ஈறை வீங்கவைத்து, அந்த ரத்தக்கசிவையே கூட்டுகிறது. இரத்த எண்ணிக்கை எப்படியிருந்தாலும் மென்மையான பிரஷால் தினமும் 2 அல்லது 3 முறை துலக்க வேண்டும் என்றே அமெரிக்கக் குழந்தைப் பல்மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. பிரஷை வெந்நீரில் நனைத்தால் தூவிகள் இன்னும் இளகும். பேஸ்ட்டில் குறைந்தது 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்க வேண்டும்: 3 வயதுக்குள் அரிசியளவு, அதன்பின் 6 வயதுவரை பட்டாணியளவு. புதினா எரிச்சல் தந்தால் காரமற்ற பேஸ்ட்டுக்கு மாறலாம். பிரஷ் வைக்கவே முடியாத அளவுக்குப் புண் இருந்தால், மருத்துவரைக் கேட்டு, ஆல்கஹால் இல்லாத குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைக்கலாம். புண் ஆறியதும் பிரஷுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நோய் உறுதியானதுமே பல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கீமோ காத்திருக்காது என்பதால், தொற்றுள்ள பற்களுக்கே முதலிடம். மற்றவை நோய் கட்டுப்பட்டு எண்ணிக்கை ஏறும்வரை பொறுக்கலாம். நியூட்ரோபில் 1000-க்குக் கீழே இருக்கையில் அவசரமற்ற பல் சிகிச்சை செய்வதில்லை. பல்லைக் குடையாமலே சொத்தையை நிறுத்த சில்வர் டயமின் ஃபுளோரைடு என்னும் பூச்சு மருந்து உதவும். பூசிய இடம் கறுத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பூசுவது சொத்தை வராமல் தடுக்க உதவும். பல்லில் குறையேதும் இல்லாமல் தாடை வலித்தால், அது வின்கிரிஸ்டின் மருந்தின் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கக் கூடாது.

சிறு வயதில் கீமோ பெற்றவர்களுக்கு நிலைப்பற்கள் சிறுத்தோ, எனாமல் குன்றியோ, வேர் குட்டையாகவோ முளைக்கலாம். சில பற்கள் உருவாகாமலும் போகலாம். குன்றிய எனாமலில் சொத்தை எளிதில் பிடிப்பதால், சிகிச்சை முடிந்தபின்னும் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. பல்லுக்குக் கம்பி கட்டுவதானால், நோயின்றிக் குறைந்தது 2 ஆண்டுகள் கழிந்த பிறகு, வேர்களின் நீளத்தை எக்ஸ்ரேயில் பார்த்தே தொடங்குவார்கள்.