எதிரொளிப்பு ஆண்டெனாவில் ஊட்டமைப்புப் பிழைகள்

பரவளையக் கிண்ணத்தின் குவியத்தில் நின்று அதன்மேல் நுண்ணலையைப் பாய்ச்சும் கொம்பும், அதற்கு அலையைக் கொண்டுவரும் குழாயும் சேர்ந்ததே எதிரொளிப்பு ஆண்டெனாவின் ஊட்டமைப்பு. தகவல் தொடர்பில் அலையின் திறன் சற்றுக் குறைந்தாலும் செய்தி வந்துவிடும். தொலையுணர்வில் திரும்பி வரும் திறனின் அளவே செய்தி. அதனால் இங்கே சிறு பிழையும் பொறுக்கத்தக்கதல்ல.

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் இயங்கத் தொடங்கிய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் இதற்கு நல்ல சான்று. அதன் கிண்ணத்தின் விட்டம் 8.5 மீட்டர், அலைநீளம் சுமார் 10 செ.மீ., கற்றை அகலம் ஏறத்தாழ 1 பாகை. மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் வட்டாரத்துக்கு மேலே, 15 கி.மீ. தொலைவில், அக்கற்றை சுமார் 260 மீட்டர் அகலம் விரிந்திருக்கும்.

பிழைகளில் மிகவும் ஏமாற்றுவது இழப்பு. குழாயில் ஈரம் புகுந்து திறன் 1 டெசிபெல் குறைந்தால், அலை போகையிலும் வருகையிலும் சேர்த்து 2 டெசிபெல் போய்விடும். எதிரொலியின் வலிமையிலிருந்து மழையளவைக் கணிக்கும் மார்ஷல்–பாமர் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், மணிக்கு 40 மி.மீ. கொட்டும் மழை 30 மி.மீ. என்றே பதிவாகும். திரையில் படம் பழுதில்லாமல் தெரியும். ஏரிகளுக்கு வரும் நீரைக் கணிப்பவருக்கு மட்டும் கால்பங்கு மழை காணாமல் போயிருக்கும்.

கொம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் கற்றை எதிர்ப்புறம் சாயும். குவியத் தூரம் 3.5 மீட்டர் உள்ள கிண்ணத்தில் 1 செ.மீ. நகர்வு சுமார் 0.14 பாகைச் சாய்வைத் தரும், 100 கி.மீ. அப்பால் அது 240 மீட்டர். கதிரவனை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி, அதன் கதிர்வீச்சு உச்சமாகும் திசையைக் கணித்த இடத்தோடு ஒப்பிட்டால் இச்சாய்வு வெளிப்படும். 2009இல் ஏவப்பட்ட ஓசன்சாட்-2இன் காற்றளவுமானி இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்தியது: 1 மீட்டர் கிண்ணத்தின் முன் தள்ளி நிறுத்திய இரு கொம்புகள் இரு கற்றைகளைத் தந்தன.

கொம்பு அச்சின் வழியே முன்பின்னாகப் போனால் கற்றை அகன்று, உச்சத் திறன் குறைந்து, பக்கக் கற்றைகள் வலுக்கும். கிண்ணத்தின் விளிம்பில் நடுப்பகுதியின் பத்தில் ஒரு பங்கு திறன் விழுவதே வழக்கமான வடிவமைப்பு. அது மிகுந்தால் அலை விளிம்பைத் தாண்டிச் சிதறும். பக்கக் கற்றைகள் அருகிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பி மழைபோலத் தோன்றும். அசையாத பொருளின் எதிரொலியை டாப்ளர் வடிகட்டி நீக்கினாலும், கூடவே மெல்ல நகரும் மழையின் எதிரொலியும் கொஞ்சம் போகும்.

கொம்பு தன் அச்சில் சுழன்றிருந்தால் கிடை, செங்குத்து முனைவாக்கங்கள் ஒன்றோடொன்று கலக்கும். துளியின் வடிவத்தை இரண்டின் விகிதத்திலிருந்து அறியும் இரட்டை முனைவாக்க ரேடார்களுக்கு இது பெருங்கேடு. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளில் ஒற்றைக் கொம்புக்குப் பதில் 12 மீட்டர் வலைக் கிண்ணத்தின் முன் ஊட்டு உறுப்புகளின் வரிசை உண்டு. அங்கே ஒவ்வோர் உறுப்பின் வீச்சும் கட்டமும் பிசகாமல் இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கூட்டுக் கற்றையின் வடிவம் மாறும்.