அஞ்சு வயசு வாரிசும் காத்திருந்த கிழவரும்

1598. ஜப்பானை ஒரே குடையின்கீழ் கொண்டு வந்த டொயோடோமி ஹிதேயோஷி மரணப் படுக்கையில் இருக்கிறார். வயது 61. வாரிசு ஹிதேயோரிக்கு வயசு அஞ்சு.

ஐந்து பெரும் பிரபுக்களைக் கூப்பிட்டு, என் மகனைக் காப்பாத்துங்கன்னு சத்தியம் வாங்குறார். அதில் ஒருத்தர்தான் டோக்குகவா இயெயாசு.

ஹிதேயோஷிக்கே அதில் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் சொல்லுங்க? தன் எஜமானர் நொபுநாகா 1582-ல் இறந்தப்ப, அவரோட பச்சிளம் பேரனை வாரிசுன்னு காட்டிட்டு ஆட்சியைத் தன் கைக்குள்ள கொண்டு வந்தவராச்சே!

1600-ல் செக்கிகஹாரா போரில் எதிரணியை நொறுக்கிய இயெயாசு, 1603-ல் ஷோகுன் ஆனார். ஆனால் பையனைத் தொடலை. தன் பேத்தி சென்ஹிமேயை அவனுக்குக் கட்டி வெச்சார். பையன் ஒசாகா கோட்டையில் அம்மா யோதோவோட வளர்ந்தான்.

ஒரு டாக்டரா எனக்கு இயெயாசுகிட்டப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. உடம்பை அப்படிப் பார்த்துக்கிட்ட மனுஷன். மூலிகைகளை வாங்கி, மருந்தைத் தானே அரைச்சுக் கலப்பார். அடுத்தவங்களைவிட அதிக நாள் வாழ்றதே அவரோட பெரிய ஆயுதம். பையனுக்குத் துணையா நின்ன மயேதா தோஷியே 1599-லயே போயாச்சு.

ஆனால் 1611-ல் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் ஹிதேயோரியை நேரில் பார்க்கிறார். எதிரே 17 வயசு வாலிபன். இவருக்கோ 68. இனிமே காலம் யார் பக்கம்னு புரிய ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

சண்டைக்குக் காரணம் வேணுமே? 1614-ல் கிடைச்சது. ஹிதேயோரி தரப்பு கியோட்டோவின் ஹோகோஜி கோயிலுக்கு வார்த்த பெரிய மணியில், நாடு அமைதியா இருக்கணும்னு ஒரு வாசகம். அதில் "இயெ", "யாசு" ரெண்டு எழுத்துக்கும் நடுவில வேற எழுத்து வருது. என் பேரை ரெண்டா வெட்டிட்டாங்க, இது சாபம்னு கிளம்பிட்டார்! (அந்த மணி இன்னும் அங்கேயே இருக்கு. அந்த எழுத்துகளை வெள்ளையில் அடையாளம் காட்டி வெச்சிருக்காங்க.)

குளிர்காலத்தில் முற்றுகை. கோட்டை விழலை. பீரங்கிக் குண்டு யோதோவின் பணிப்பெண்களைக் கொன்னதும் சமாதானம் பேசினாங்க. சமாதானம்ன்ற பேர்ல கோட்டையைச் சுத்தி இருந்த அகழிகளை மண் போட்டு மூடிட்டாங்க. அகழி போனா கோட்டை ஏது?

1615 கோடையில் மறுபடி படை வந்தது. ஒசாகா எரிஞ்சது. சென்ஹிமே வெளியே வந்து கணவன் உயிருக்காகக் கெஞ்சினாள். பலிக்கலை. 21 வயசு ஹிதேயோரியும் யோதோவும் தற்கொலை செய்துகொண்டார்கள். அவனோட மகன் குனிமட்சுவுக்கு அவங்க கணக்குல எட்டு வயசு. கியோட்டோ ஆற்றங்கரையில் தலையை வெட்டினாங்க.

மகளை மட்டும் விட்டாங்க, காமகுராவில் துறவியாகணும்னு. அடுத்த வருஷமே இயெயாசுவும் செத்துட்டார்.