முள்கம்பிக்குள் வந்த கண்காணிப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கமுந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த நான், இன்று கம்பியில்லா உணரி வலையமைப்புகளைப் பாடமாக நடத்துகிறேன். சிறு கருவிகளைப் பரப்பி வைத்து, அத்துமீறி நுழைபவரைக் கண்டுபிடிப்பதும் இதில் அடங்கும். இதன் வரலாற்றைப் பலரும் வியட்நாம் போரின் ஹோ சி மின் பாதையிலிருந்து தொடங்குவார்கள். 1960களின் இறுதியில் அமெரிக்க விமானங்கள் அங்கே காட்டில் போட்ட உணரிகள், காலடி அதிர்வையும் பேச்சொலியையும் வானலையில் அனுப்பின. நான் பேராக்கிலிருந்து தொடங்குவேன்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில், கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் பிறந்தது. 12 வயது தாண்டிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை வந்தது. 1950இல், கொரில்லாக்களை மக்களிடமிருந்து துண்டிக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி கட்டினார்கள்.

"பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சதும் கேட்டுல சோதனை. வாளியக் கவுத்துக் காட்டணும். சோத்துப் பொட்டலம் கூடாது. வெறும் வயித்தோடதான் பால் வெட்டினோம்" என்பாள் என் பாட்டி. டின் உணவு விற்றால், கடைக்காரரே அதில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு ஒரு பிடி அரிசியும் போகக்கூடாது என்பதே நோக்கம். வேலி தாண்டி வருபவனைத் தேடிய கண், இப்படித்தான் வேலிக்குள் இருப்பவர்மேல் திரும்பியது.

1952இல் தஞ்சோங் மாலிமில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் 22 மணி நேர ஊரடங்கு போட்டார். வீட்டுக்கு வீடு தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயரில்லாமல் எழுதச் சொன்னார். அண்டை வீட்டாரே உணரி ஆனார்கள்.

இன்றைய வலையமைப்பிலும் அண்டையவர் சொல்லை எவ்வளவு நம்புவது என்பதுதான் சிக்கல். எதிரி கைப்பற்றிய ஒரு கருவி, உள்ளிருந்தபடியே தகவலை விழுங்கும். அது செய்தியை முன்னே அனுப்புகிறதா என்று பக்கத்துக் கருவிகள் ஒட்டுக்கேட்டுச் சொல்லும். ஆனால் புகார் சொல்லும் கருவியே கெட்டுப்போயிருக்கலாம். அதனால் ஒரே புகாரை நம்பாமல், பல சாட்சிகளை ஒப்பிட்டுத்தான் ஒரு கருவியை விலக்க வேண்டும். தஞ்சோங் மாலிமின் பெயரில்லாத் தாளையோ எதிர்கேள்வி கேட்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் தடுப்பு முகாம் பின்னர் எங்கள் கமுந்திங்கிலேயே அமைந்தது. விசாரணையின்றி அடைத்துவைக்கும் அந்தச் சட்டம் 2012 வரை இருந்தது.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிடிப்பதற்கு வழி அமைக்கும்போதே, தவறாகப் பிடித்ததை விடுவிக்கவும் வழி அமையுங்கள்.